பூவைச் சாப்பிடலாம்... எந்தப் பூவை, எவ்வளவு?

‘ஒரு ஸ்பூன் முருங்கைப்பூ பொடி போதும், ரத்தசோகை ஓடிவிடும்’, ‘ஆவாரம்பூ டீ குடித்தால் சுகர் மாத்திரையே வேண்டாம்’, ‘கால்சியம் குறைவா? அகத்திப்பூ இருக்க பயமேன்?’ – ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் இப்படி ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. ‘மலையில் பறித்தது’, ‘கெமிக்கல் இல்லாதது’ என்ற வாசகங்களோடு ஆவாரம்பூ, சங்குப்பூ, செம்பருத்திப்பூ எல்லாம் பாக்கெட்டில் அடைபட்டு ஆன்லைனில் விற்கின்றன.

பூவைச் சாப்பிடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வாழைப்பூ வடை, முருங்கைப்பூ பொரியல், வேப்பம்பூ ரசம், அகத்திப்பூ கூட்டு எல்லாம் வீட்டுச் சமையல்தான். ஆனால், சமையலில் காய்கறியாக இருந்த பூ இன்று மாத்திரையின் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. அங்கேதான் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பூவில் உண்மையிலேயே எவ்வளவு தாதுச்சத்து இருக்கிறது? எந்தப் பூ பாதுகாப்பானது?

கல்வராயன் மலை ஏன் இந்தக் கதையில் வருகிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேலம் மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம். பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, தினை, மரவள்ளி விளைச்சலும், கடுக்காய், புளி, தேன் சேகரிப்பும் அவர்களின் வாழ்வாதாரம்.

மலையடிவாரத்தின் கதை வேறு. அது கரும்புக் காடு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று பழமொழி சொல்வார்கள். ஆலையே இருக்கிற ஊரில் இன்று இலுப்பைப்பூ மறுபடியும் ‘சூப்பர் ஃபுட்’ ஆகப் பேசப்படுவது ஒரு வேடிக்கை. பழமொழியில் அறிவியலும் உண்டு. காய்ந்த இலுப்பைப்பூவின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரைதான். ‘இயற்கை இனிப்பு’ என்று சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுத்தால், ரத்தத்தில் ஏறப்போவதும் சர்க்கரைதான்.

காட்டில் எது உணவு, எது விஷம் என்ற அறிவு மலை மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்த அறிவில் செடியின் பெயர் மட்டும் இல்லை. எந்தப் பருவத்தில் பறிப்பது, எந்தப் பாகத்தை நீக்குவது, எப்படி வேகவைப்பது என எல்லாமே சேர்ந்துதான் அது. பூ பொடியாகி, பாக்கெட்டில் ஏறி, சென்னையிலோ பெங்களூருவிலோ ஒரு அப்பார்ட்மென்ட் வாசலுக்கு வரும்போது செடியின் பெயர் மட்டும்தான் கூட வருகிறது. மற்றதெல்லாம் மலையிலேயே தங்கிவிடுகிறது.

பூவில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன?

பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் ஆகியவை ஓரளவு. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை சிறிதளவு. பெரும்பாலான பூக்களில் மற்ற தாதுக்களைவிட பொட்டாசியம்தான் அதிகம்.

ஆனால், முதலில் மனதில் வைக்க வேண்டியது தண்ணீர். வாழைப்பூவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் வாழைப்பூவில் இரும்புச்சத்து சுமார் 1.6 மில்லிகிராம், கால்சியம் சுமார் 32 மில்லிகிராம். 100 கிராம் முருங்கைப்பூவில் கால்சியம் சுமார் 51 மில்லிகிராம். அதே மரத்தின் கீரையில்? சுமார் 440 மில்லிகிராம். கால்சியத்துக்காக முருங்கையைத் தேடுபவர் பூவைவிடக் கீரையைப் பறிப்பதுதான் புத்திசாலித்தனம். அகத்தியிலும் கால்சியத்துக்குப் பெயர்பெற்றது கீரைதான்.

இப்போது தேவையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 மில்லிகிராம். இருவருக்கும் கால்சியம் 1,000 மில்லிகிராம். அதாவது, 100 கிராம் வாழைப்பூ சாப்பிட்டால் ஒரு பெண்ணின் அன்றைய இரும்புத் தேவையில் 5 அல்லது 6 சதவீதம்தான் கிடைக்கும். அதுவும் உடல் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டால்தான்.

இதனால் வாழைப்பூ கெட்ட உணவு ஆகிவிடாது. நார்ச்சத்து, பொட்டாசியம், குறைந்த கலோரி என அது ஒரு நல்ல காய்கறி. நல்ல காய்கறி என்பது வேறு, இரும்பு டானிக் என்பது வேறு. அவ்வளவுதான் விஷயம்.

வாழைப்பூ கறுக்கிறதே, அது இரும்புச்சத்து இல்லையா?

வீட்டுக்கு வீடு சொல்லப்படும் விளக்கம் இது. உண்மை வேறு. வாழைப்பூவை நறுக்கியதும் அதிலுள்ள பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. அதற்குத் துணையாக பூவிலேயே ஒரு நொதி இருக்கிறது. வெட்டிய ஆப்பிளும் கத்திரிக்காயும் கறுப்பதும் இதே காரணத்தால்தான். பாட்டிமார்கள் வாழைப்பூவை மோரில் போட்டதற்குக் காரணமும் இங்கேதான். மோரின் புளிப்பு அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. கறுப்புக்குக் காரணமான அதே துவர்ப்புப் பொருள்கள், தாவர உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் தன்மை கொண்டவை. சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், தக்காளி போன்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். வேப்பம்பூ பச்சடியில் மாங்காய் சேர்வது சுவைக்காக இருக்கலாம். ஊட்டச்சத்துக் கணக்கிலும் அது சரியாகத்தான் இருக்கிறது.

பொடியில் பத்து மடங்கு சத்து என்கிறார்களே?

கணக்கு சரி, முடிவு தவறு. 90 சதவீதம் தண்ணீர் உள்ள பூவைக் காயவைத்தால் 100 கிராம் பூ சுமார் 10 கிராம் ஆகும். ஆகவே 100 கிராம் பொடியில், 100 கிராம் பச்சைப் பூவில் இருப்பதைப்போல பத்து மடங்கு தாது இருக்கும். லேபிளிலும் அப்படித்தான் அச்சாகும். ஆனால், 100 கிராம் பொடியை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு ஸ்பூன் என்பது சுமார் 5 கிராம்.

வாழைப்பூ கணக்கையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பொடியில் 16 மில்லிகிராம் இரும்பு என்றால், ஒரு ஸ்பூனில் 0.8 மில்லிகிராம். ‘ரத்தசோகை இல்லா இந்தியா’ திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதற்கு ஈடுகட்ட 75 ஸ்பூன் பொடி வேண்டும்.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவர். அந்த ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு பொடியை நம்பினால், இழப்பு அந்தப் பொடியின் விலையோடு முடிந்துவிடாது.

காயவைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்லது மட்டும் செறிவதில்லை. மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் செடிக்குள் ஏறியிருந்தால் அவையும் சேர்ந்தே செறியும். செடிக்கு இரும்பும் காட்மியமும் வருவது ஒரே வேர் வழியாகத்தான். அதனால்தான் எங்கே பறித்த பூ என்பது முக்கியம். நெடுஞ்சாலை ஓரம், குப்பைமேட்டுப் பக்கம், கழிவுநீர் ஓடும் வாய்க்கால் கரை – இங்கெல்லாம் பூத்த ஆவாரம்பூ பார்க்க மஞ்சளாக, அழகாகத்தான் இருக்கும்.

ஒரே மரம்தானே, எல்லா பாகமும் நல்லதுதானே?

இல்லை. வேம்பு இதற்கு நல்ல உதாரணம். சித்திரை முதல் நாள் வேப்பம்பூ பச்சடி செய்யாத வீடு குறைவு. பெரியவர்களுக்கு அந்த அளவில் பிரச்சினை இல்லை. ஆனால், அதே மரத்தின் விதையிலிருந்து வரும் வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்து வலிப்பு, கல்லீரல் பாதிப்பு, மரணம் வரை நேர்ந்ததை மருத்துவ ஆய்விதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. மரம் ஒன்று, பாகமும் அளவும் வேறு.

வாழைப்பூவிலும் ஒரு பாகத்தை நீக்குகிறோம். ஒவ்வொரு சிறு பூவுக்குள்ளும் இருக்கும் நரம்பை, பல வீடுகளில் ‘கள்ளன்’ என்று சொல்வார்கள், எடுத்துவிட்டுத்தான் நறுக்குவது வழக்கம். அது விஷம் அல்ல; வேகாது, செரிக்காது. எதை நீக்க வேண்டும் என்பதும் சமையல் குறிப்பின் பகுதிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரே நிறம்தானே என்று பறித்தால்?

இங்கேதான் பெரிய ஆபத்து. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால், கிழங்கு முதல் விதை வரை அந்தச் செடியில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. மூட்டுவாத மருந்துக்காக அந்த விதையைத் தமிழ்நாட்டு விவசாயிகள் சாகுபடி செய்து விற்கிறார்கள். மருந்துத் தொழிற்சாலையில் மில்லிகிராம் கணக்கில் அளந்து எடுக்கப்படும் பொருள் அது. தட்டில் அலங்காரமாக வைக்கக்கூடாத பூ.

அரளியின் கதை இன்னும் அருகிலிருப்பது. 2024-ல் கேரளத்தில் இளம் செவிலியர் ஒருவர் இறந்தார். அரளி இலையையும் பூவையும் மென்றதே காரணமாக இருக்கலாம் என மருத்துவர்கள் சந்தேகித்தனர். அதையடுத்து அந்த ஆண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என முடிவெடுத்தன. அரளியில் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. காயவைத்தாலோ கொதிக்கவைத்தாலோ அது போய்விடாது.

ஆவாரைக்கும் ஒரு சொந்தக்காரச் செடி உண்டு: பேயாவரை. அதுவும் மஞ்சள் பூதான், அதுவும் சாலையோரம்தான். ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் 2016-ல் பழங்குடிக் குழந்தைகள் 100 பேர் அளவில் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் எல்லாமே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே பார்க்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைரஸ் இயல் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, பல குழந்தைகள் பேயாவரை விதையைத் தின்றதே காரணம் என்று தெரியவந்தது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் குழந்தைகளைப் பலிகொண்ட மர்ம நோய்க்கும் இதே செடிதான் காரணம் என்று 2007-ல் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள்.

அங்கே தின்னப்பட்டது விதை, பூ அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்ற பொருளில் பழமொழி சொல்லும் ஊர் இது. அந்தப் பெருமை ஆவாரைக்கு மட்டும்தான். அதன் ஜாடையில் இருக்கும் எல்லாச் செடிக்கும் இல்லை. அரைத்துப் பொடியாக்கிவிட்டால் எது ஆவாரை, எது பேயாவரை என்று கண்ணால் சொல்லவே முடியாது.

பூக்கடைப் பூவைச் சமைக்கலாமா?

வேண்டாம். மாலைக்கும் அலங்காரத்துக்கும் வளர்க்கப்படும் ரோஜா, சாமந்தி போன்றவற்றுக்குப் பூச்சி மருந்து தெளிப்பவர், யாரும் அதைச் சாப்பிடுவார்கள் என்று எண்ணித் தெளிப்பதில்லை. காய்கறிக்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று இடைவெளி உண்டு. தலையில் வைக்கும் பூவுக்கு அந்த யோசனையே எழுவதில்லை. குல்கந்து செய்ய ஆசைப்பட்டால் உணவுக்கென்றே வளர்த்த பன்னீர் ரோஜா வேண்டும், அல்லது மருந்தடிக்காத வீட்டுச் செடி வேண்டும்.

பாக்கெட் டீ மட்டும் பாதுகாப்பா?

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. ‘ஹைபிஸ்கஸ் டீ’ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்த ஒரு ஆய்வில், தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஓரளவு குறைந்தது உண்மைதான். ஆனால், அதில் பயன்படுத்தியது புளிச்சைக் கீரை இனத்தைச் சேர்ந்த செடியின் சிவந்த புல்லிவட்டம். வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி வேறு செடி. ஒன்றின் ஆய்வைக் காட்டி மற்றொன்றை விற்க முடியாது.

சங்குப்பூ நீல டீயிலும் இரண்டு பேச்சு இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சங்குப்பூ சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த 2021-ல் அனுமதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, காய்ந்த சங்குப்பூவை உணவாக விற்க 2022-ல் பாதுகாப்பு சார்ந்த ஆட்சேபம் எழுப்பியது. எப்போதாவது ஒரு கப் குடிப்பது வேறு. தினம் நான்கு கப் குடித்து ‘டீடாக்ஸ்’ செய்வது வேறு.

யாரெல்லாம் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்?

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பூ போன்றவற்றை டாக்டரிடம் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். மற்றவர்களுக்கு அதே காரணத்தால் வடிப்பது நஷ்டம்.
* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள்: பூவும் அதே வேலையைச் செய்தால் இரண்டும் சேர்ந்து அளவு மீறலாம். ‘அகத்தி மருந்தை முறிக்கும்’ என்று பெரியவர்கள் சொன்னதில், உணவும் மருந்தும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற புரிதல் இருக்கிறது.
* கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்: சமையலில் வழக்கமாகச் சேரும் பூவோடு பெரியவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். பொடி, கஷாயம் வேண்டாம். கைக்குழந்தைக்கு எதுவுமே வேண்டாம்.
* ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்கள்: மகரந்தம் சிக்கல் தரலாம். புதிய பூ என்றால் முதலில் கொஞ்சம் மட்டும்.

தெரியாத பூவைச் சாப்பிட்டு வாந்தி, தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு வந்தால் கைவைத்தியத்தில் நேரம் போக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, மீதமிருக்கும் பூவையோ பொடியையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதே சரி. எந்தச் செடி என்று தெரிந்தால் சிகிச்சை வேகமாகும்.

அரசு செய்ய வேண்டியது என்ன?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை 528 உணவுகளை அலசியது. நாட்டை 6 மண்டலமாகப் பிரித்து மாதிரிகள் எடுத்தார்கள். பெரிய வேலைதான். ஆனால், மண்டல சராசரி ஒரு மலைக்குப் போதாது. மண், மழை, பறிக்கும் பருவம் மாறினால் தாது அளவும் மாறும். கல்வராயன் மலையில் உண்ணப்படும் பூக்களுக்கும் கீரைகளுக்கும் கிழங்குகளுக்கும், தாதுச்சத்து, கன உலோகம், பூச்சிமருந்து எச்சம் மூன்றையும் சேர்த்து அளந்த தனி அட்டவணை வேண்டும். வெகுதூரம் போகத் தேவையில்லை. பக்கத்துச் சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது.

அந்த வேலையை மலை மக்களை ஒதுக்கிவிட்டுச் செய்ய முடியாது. செடியை அடையாளம் காட்டப்போவது அவர்கள்தான். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை கிலோ கணக்கில் மூட்டை கட்டி இடைத்தரகரிடம் விற்பதோடு நிற்கக் கூடாது. மகளிர் குழுக்கள் தாங்களே பறித்து, தாங்களே காயவைத்து, பரிசோதனைச் சான்றோடு விற்க வழி செய்தால், மேலே விலையும் கிடைக்கும், கீழே நம்பிக்கையும் கிடைக்கும். பரிசோதனைக் கட்டணத்தை அரசு ஏற்பது பெரிய செலவு இல்லை.

பாக்கெட்டின் மீதும் கண்டிப்பு வேண்டும். செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எங்கே பறித்தது, ஒரு ஸ்பூனில் எவ்வளவு சத்து – இந்த நான்கும் இல்லாமல் பூப்பொடி விற்க அனுமதிக்கக் கூடாது. நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளில் எழுதுவது விதிமீறல் என்பது ஏற்கெனவே உள்ள சட்டம்தான். ரீல்ஸுக்கும் அது பொருந்த வேண்டும்.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது எளிய சோதனை. பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா? எந்தச் செடி, எந்தப் பாகம் என்று எழுதியிருக்கிறதா? ‘100 கிராமில்’ என்று போட்டிருந்தால் 20-ஆல் வகுத்தால் ஒரு ஸ்பூனின் கணக்கு வந்துவிடும். அதற்கும் பதில் திருப்தியாக இல்லையென்றால், சந்தையில் ஒரு வாழைப்பூ வாங்கி, கள்ளன் எடுத்து, மோரில் போட்டு, பருப்போடு உசிலி செய்யலாம். அதில் எதை, எவ்வளவு, எப்படிச் சாப்பிடுகிறோம் என்பது சமைப்பவருக்கே தெரியும்.